கப்பக்காரருக்குக் கிடைத்த பேர்

தம்பி, கல்லை இறக்க வேண்டாம்னு டிரைவர்கிட்ட சொல்லுங்க. கொஞ்ச நேரம்தான். வண்டி அந்த வேப்பமரத்து நிழல்ல நிக்கட்டும், கல்லு எங்கயும் ஓடிப் போயிராது. நீங்க இப்படி மதிலோரம் உக்காருங்க. மண்ணு ஒட்டுமேன்னு பாக்கியளா? வேட்டி வேற வெள்ள வெளேர்னு இருக்கு. இந்தாங்க, துண்டைப் போட்டு உக்காருங்க.

உங்களைப் போன் போட்டு வரச்சொன்னதே நான்தான். கல்லறைத் திருநாளன்னைக்கே உங்க தாத்தாவுக்குக் கல்லு நட்டிருவோம்னு நாள் குறிச்சதும் நான்தான். இப்ப வாசல்ல வச்சு மறிக்கதும் நான்தான். கிறுக்கன்னு நினைப்பீங்க. நினைச்சுக்கிடுங்க. ஆனா சொல்லுததைக் கேட்டுட்டு நினைங்க. ரெண்டு நாளா மனசு போட்டு அறுக்கு தம்பி. சோறு இறங்கல.

உள்ள எட்டிப் பாருங்க. ரோசாவும் சாமந்தியுமா எப்படி இருக்கு! ஊரு பூராவும் இன்னைக்கு இங்கதான். அவனவன் வீட்டுக் கல்லறையைக் கழுவி, சுண்ணாம்பு அடிச்சு, மெழுகுவத்தி வச்சு, சாமியார் வந்து மந்திரிச்சதும்தான் வீட்டுக்குப் போவாவ. அந்தா ஒரு சிலுவை தனியா நிக்குது தெரியுதா, கடல் பக்கத்துச் சுவரோரமா? அதுதான் உங்க தாத்தா. கப்பல்காரரு குழியை எங்க ஊருல கப்பக்காரர் குழிம்பாவ. பாருங்க, ஒரு மெழுகுவத்தி இருக்கா? இல்ல. ஒத்தை மெழுகுவத்தி இல்ல. போன வருஷம் இதே நாளு நீங்க வந்திருந்தா, கால் வைக்க இடம் இருக்காது அங்க.

அதைத்தான் சொல்ல வந்தேன். இருங்க, முதல்ல இருந்து சொல்லுதேன்.

சண்டை நடந்த காலம். கொழும்புல ஜப்பான்காரன் குண்டு போட்டது பாஸ்குத் திருநாளன்னைக்கு, அதான் ஈஸ்டர். அது கழிஞ்சு ஒரு வாரமோ பத்து நாளோ, எங்க அப்பா வலையில வந்து விழுந்தாரு உங்க தாத்தா. முகம்னு சொல்லுததுக்கு ஒண்ணும் இல்லையாம். மன்னிச்சுக்கிடுங்க, உள்ளதைத்தான் சொல்லுதேன். கப்பல்காரன் போடுத முரட்டுக் காக்கி நிஜார், அரைஞாண் கயிறு, அதுல ஒரு வெள்ளிக் குதிரை. சுண்டுவிரல் நகம் பெருசுதான் இருக்கும்.

குதிரையைப் பாத்ததும் எங்க ஆளுவளுக்கு வேற யோசனையே வரல. எங்க ஊருக்குக் காவல் சந்தியாகப்பர். வெள்ளைக் குதிரையில வாளோட வருவாரு, கோயில்ல பாத்திருப்பீங்க. எங்களுக்குக் குதிரைன்னா அவருதான். அப்ப இடுப்புல குதிரை கட்டினவன் யாரு? சந்தியாகப்பர் பிள்ளை! வேதக்காரன், நம்மளைப் போல கிறிஸ்தவன்! அவ்வளவுதான், கோயில் மணியை அடிச்சு, சாமியாரைக் கூப்பிட்டு, ஊரே கூடி அடக்கம் பண்ணிட்டாவ. குதிரையை அவுத்துக் கொண்டுபோய் சந்தியாகப்பர் குதிரை கழுத்துலயே கட்டிட்டாவ. உங்க ஊரு அய்யனார் குதிரைன்னு அவியளுக்கு என்ன தெரியும்? இத்தனை வருஷமா அய்யனார் குதிரையைச் சந்தியாகப்பர் குதிரை சுமந்துக்கிட்டு நின்னிருக்கு. சிரிக்கியளா? சிரிங்க. நானும் சிரிச்சேன். சிலுவை நட்டிருக்கதைக் கேட்டு உங்க அப்பா கோவப்படுவாரோன்னுதான் முதல்ல பயந்தேன். "இருக்கட்டும்யா, அதுவும் இத்தனை காலம் காவல் நின்னிருக்குல்ல"ன்னாரு போன்ல. நல்ல மனுசன்.

சரி, அந்த மெழுகுவத்தி விசயம். கடல்ல போன ஆளு திரும்பி வரலைன்னு வைங்க. உடம்பு கிடைச்சா அழுது அடக்கம் பண்ணலாம். கிடைக்கலைன்னா? பூசை வைப்பாவ, ஜெபம் சொல்லுவாவ, எல்லாம் உண்டு. ஆனா கல்லறைத் திருநாளன்னைக்கு அந்தப் பொம்பளை எங்க போயி நிப்பா? ஊரு பூராவும் இங்க வந்து நிக்கும்போது அவ வீட்டுக்குள்ள கதவைச் சாத்திக்கிட்டுக் கிடக்கணுமா? யாரு முதல்ல ஆரம்பிச்சாவன்னு தெரியாது, ஒருத்தி வந்து கப்பக்காரர் குழியில மெழுகுவத்தி வச்சிருக்கா. இவரு யாரோ பெத்த பிள்ளை, கடல் கொண்டாந்து போட்டுச்சு. எம் புருசனையும் எங்கயோ ஒரு கரையில போட்டிருக்கும், அங்க ஒருத்தி அவனுக்கு வைப்பா, நான் இவனுக்கு வைக்கேன்னு. அப்படியே பழகிப் போச்சு. உடம்பு கிடைக்காத வீட்டுப் பொம்பளையெல்லாம் இங்கதான். குனிஞ்சு மண்ணுகிட்ட அவ ஆளு பேரைச் சொல்லுவா, மெழுகுவத்தியை வைப்பா. ஒருத்தி பக்கத்துல ஒருத்தி நின்னாலும், யாரு பேரை யாரு சொன்னான்னு கேக்க மாட்டாவ.

எனக்கு இதெல்லாம் பிடிக்காது. நான் முப்பது வருஷம் கப்பல்ல கிடந்தவன். சமையக்காரன். பண்டாரின்னுதான் கூப்பிடுவானுவ. எத்தனை துறைமுகம், எத்தனை சாதி மனுசன். உலகம் பாத்தவனுக்கு இந்த மாதிரி பொம்பளைவ காரியம் ஒத்து வராது. எவனோ ஒருத்தன் குழியில போயி எம் புருசான்னு அழுதா அதுல என்ன அர்த்தம் இருக்கு? சொல்லுங்க.

எம் மவன் டெலஸ்பரும் கடலுக்குத்தான் போனான். கப்பலுக்கு வாலேன்னேன், கேக்கல. நாலு வருஷத்துக்கு முன்னால, காத்து மாறின அன்னைக்கு, நாலு பேரு போன வள்ளம். ரெண்டு பேரை உசுரோட தூக்கினாவ. ஒருத்தன் உடம்பா வந்தான். எம் மவன் கிடைக்கல.

கிடைக்கலைன்னுதான் சொல்லுதேன். வேற எதுவும் சொல்லல நான். மாலத்தீவுல ஒதுங்கி, நாலு மாசம் கழிச்சு தாடியும் மீசையுமா வந்து இறங்கினவனுவ எங்க ஊருலயே இருக்கானுவ. கப்பல்காரன் தூக்கி எங்கயாவது இறக்கி விட்டிருப்பான். பேச்சு தெரியாத ஊரு, காயிதம் கிடையாது, ஜெயில்ல கூட வச்சிருப்பானுவ. நடக்காததா? நான் பாத்திருக்கேன்.

ஜெனோவா, அவன் பொஞ்சாதி, எம் மருமவ. ரொம்பத் தங்கமான பிள்ளை. ஒரு வார்த்தை எதுத்துப் பேசினது கிடையாது. அந்த வருஷம் திருநாளுக்கு முன்னால எங்கிட்ட வந்து நின்னா. எங்களுக்குக் குடும்பக் கல்லறை இருக்கு தம்பி, எங்க அப்பா கட்டினது. எம் பொஞ்சாதி அதுலதான் இருக்கா. "மாமா, அத்தை பேருக்குக் கீழ அவிய பேரையும் வெட்டிருவோமா"ன்னு கேட்டா. அன்னைக்கு நான் கத்தின கத்து இந்த மதில் வரைக்கும் கேட்டிருக்கும். உள்ள ஆளு இல்லாம எவனாவது கல்லுல பேரு வெட்டுவானா? நாளைக்கு அவன் வந்து நின்னா அந்தக் கல்லை என்ன செய்ய, தலைக்கு வச்சுப் படுக்கவா? நியாயமாத்தானே கேட்டேன்? அவ மறுநாளு மெழுகுவத்தியை எடுத்துக்கிட்டுக் கப்பக்காரர் குழிக்குப் போயிட்டா.

போறதைப் பாத்தேன். நான் அன்னைக்கு உள்ள வரல. வந்ததே இல்ல, இந்த நாலு வருஷமா. எம் பொஞ்சாதி கல்லறைக்குக்கூட அதுக்கு முந்தின நாளே வந்து கழுவிட்டுப் போயிருவேன். திருநாளன்னைக்குக் கூட்டம் ஜாஸ்தி, எனக்கு மூட்டுவலி.

அதுக்கு அப்புறம்தான் உங்க தாத்தாவைத் தேட ஆரம்பிச்சேன். அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. இதுக்குன்னு நான் தேடல. நானும் கப்பல்காரன், அவரும் கப்பல்காரர். ஒரு கப்பல்காரனுக்கு இன்னொருத்தன் செய்யுத கடமை. அவ்வளவுதான். சண்டையில போன மனுசனையே கண்டுபிடிக்க முடியும்னு ஆயிட்டா, நேத்துப் போனவனை... விடுங்க. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல.

சாமியார்கிட்ட கேட்டு அந்தக் குதிரையை வாங்கினேன். பையில போட்டுக்கிட்டுத் தூத்துக்குடியில வெள்ளிக் கடை கடையா ஏறி இறங்கினேன். ஒருத்தன் எடை போட்டுப் பாக்கான். ஒருத்தன், "பெருசு, விக்கியளா"ங்கான். கோவில்பட்டி போனேன், அருப்புக்கோட்டை போனேன். எம் மூட்டுவலியோட! ஜெனோவா கட்டுச்சோறு கட்டித் தருவா, எங்க போறீங்க மாமான்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டா. கடைசியில கமுதியில ஒரு ஆசாரி அதை வாங்கித் திருப்பிப் பாத்தாரு. "வாலுல ரெண்டு வெட்டு இருக்கு, இது செங்குளத்து அய்யனார் கோயிலுக்குச் செய்யுத குதிரையாச்சே, எங்க அய்யாதான் செஞ்சு குடுப்பாரு"ன்னாரு.

மிச்சம் உங்களுக்குத்தான் தெரியுமே. உங்க ஊருல கடல் தாண்டிப் பிழைக்கப் போற ஆம்பளை, அய்யனார்கிட்ட இருந்து ஒரு வெள்ளிக் குதிரையை வாங்கி இடுப்புல கட்டிக்கிட்டுப் போகணும், திரும்பி வந்து அவுத்துக் குடுக்கணும். வாலுல இருக்க வெட்டு வகையறாவுக்கு வகையறா மாறும். எனக்கு இதெல்லாம் புதுசு. பூசாரி கையில குதிரையைக் குடுத்ததும் அவரு வாலைத் தடவிப் பாத்துட்டு அப்படியே உக்காந்துட்டாரு. "ரெண்டு வெட்டு வகையறாவுல வராதது ஒரே குதிரைதான்யா, முத்திருளாண்டி குதிரை"ன்னாரு. எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு தம்பி. கப்பக்காரருக்குப் பேரு கிடைச்சுட்டு! முத்திருளாண்டி! நான் அந்தப் பேரைப் பஸ்ஸுல வழிநெடுக சொல்லிக்கிட்டே வந்தேன். பக்கத்துல இருந்தவன் நகந்து உக்காந்தான்.

அப்புறம் உங்க வீட்டுல வச்சு உங்க அத்தை சொன்னாங்களே, உங்க அப்பத்தா சாகுத மட்டும் தாலியை அவுக்கலைன்னு. ரங்கூன்ல பர்மாக்காரியைக் கட்டிக்கிட்டான், பிள்ளைகுட்டியோட இருக்கான்னு ஊருல சொன்னப்பகூட, "இருந்துட்டுப் போகட்டும், இருந்தாச் சரி"ன்னு சொன்னாங்களாமே. கைப்பிள்ளையை வச்சுக்கிட்டு, புருசன் எங்கயோ உசுரோட இருக்காருன்னு ஒரு ஆயுசு பூராவும்... எனக்கு அதைக் கேட்டதும் என்னமோ மாதிரி ஆயிட்டு. தண்ணி வாங்கிக் குடிச்சேன். ஏன்னு தெரியல. வெயிலா இருக்கும்.

ஊருக்கு வந்ததும் கோயில்ல பூசை முடிஞ்சு சாமியார் அறிவிச்சாரு. எனக்குப் பொன்னாடை எல்லாம் போட்டாவ. நான் ஒண்ணும் கேக்கல, அவியளாப் போட்டாவ. கைதட்டினாவ. நான் சந்தோசமா நின்னேன். பொம்பளைவ பக்கம் பாக்கல. பாத்திருக்கணும். பாத்திருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்.

திருநாள் மட்டுமில்ல, வெள்ளிக்கிழமை தோறும் அந்தக் குழியில மெழுகுவத்தி எரியும்; அந்த வாரத்துல இருந்து ஒருத்தியும் வைக்கல. யாரும் வைக்காதேன்னு சொல்லல தம்பி. சாமியார் சொல்லல, நான் சொல்லல. அவளுவளா நிறுத்திட்டாளுவ. எனக்குப் புரியவே இல்ல. ஒருத்திகிட்ட கேட்டேன், புருசனும் மவனும் ஒரே வள்ளத்துல போனவ. "அது அவிய வீட்டுக் கல்லறையாயிட்டே மாமா, ஆளு இருக்கும்போது நாம எப்படிப் போக"ங்கா. எங்க ஊரு வழக்கம் அப்படி. அவனவன் வீட்டுக் கல்லறையிலதான் வைக்கணும். அடுத்தவன் கல்லறையில வைக்கது, அடுத்தவன் வீட்டுக்குள்ள நுழைஞ்சு அவன் விளக்கை ஏத்துத மாதிரி. பேரு தெரியாத மட்டும் அவரு எல்லாருக்கும் ஆளா இருந்தாரு. நான் போயி முத்திருளாண்டின்னு ஒரு பேரைக் கொண்டாந்தேன். அன்னைக்கோட அவரு உங்க தாத்தாவாயிட்டாரு.

முந்தாநாளு சாயங்காலம் ஜெனோவாவைக் காணோம். தேடிப் போனேன். கடற்கரையில உக்காந்திருக்கா. கையில மெழுகுவத்தி, தீப்பெட்டி. பத்த வைக்கா, காத்து அணைக்கு. முந்தானையால மறைச்சுப் பத்த வைக்கா, அதையும் அணைக்கு. நான் போயி நின்னேன். எழுந்திரிம்மா, இருட்டப் போகுதுன்னேன். அவ என்னை ஏறிட்டுப் பாத்தா. கோவம் இல்ல தம்பி. கோவப்பட்டிருந்தா தாங்கிருப்பேன். "மாமா, உங்க மவனுக்கு ஒரே ஒரு இடம் இருந்துச்சு. அதுக்கும் ஆளு வந்துட்டாவ"ன்னா. தீப்பெட்டியை மடியில கட்டிக்கிட்டு எனக்கு முன்னால நடந்து போயிட்டா.

பாவம் பண்ணிட்டேன் தம்பி. நல்லதுன்னு நினைச்சு ஒரு பாவம் பண்ணிட்டேன். பாவசங்கீர்த்தனத்துல போயி என்னன்னு சொல்லுவேன்? பேரைக் கண்டுபிடிச்சேன் சாமின்னா? சாமியார் சிரிப்பாரு.

அதான் உங்களை மறிக்கேன். என்ன கேக்கப் போறேன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அந்தக் கல்லை உங்க ஊருலயே கொண்டுபோய் நட்டுக்கிடுங்களேன். அய்யனார் கோயில் வாசல்ல. பெரிய கல்லா, ஊரு பாக்க. இங்க அவரு பேரில்லாமலே கிடக்கட்டும். அந்தப் பொம்பளைவ பழையபடி வரட்டும். உங்க தாத்தாவும் வேண்டாம்னா சொல்லப் போறாரு?

இல்ல, இல்ல. நீங்க பேசாண்டாம். எனக்கே தெரியுது. கேக்கும்போதே நாக்கு கூசுது. உங்க அப்பத்தா அந்தத் தாலியோட காத்துக் கிடந்ததுக்கு இந்த ஒரு கல்லுதான் பதில். அதைத் திருப்பிக் கொண்டு போங்கன்னு சொல்ல நான் யாரு? உங்க அப்பா அங்க கட்டில்ல கிடந்துக்கிட்டு, கல்லு நட்டாச்சான்னு போனைப் பாத்துக்கிட்டே இருப்பாரு. அதையும் நான்தானே ஆசை காட்டினேன். இந்தப் பக்கமும் பாவம், அந்தப் பக்கமும் பாவம். நடுவுல நான் பொன்னாடையோட நிக்கேன்.

அந்தா பாருங்க, அவதான் ஜெனோவா. நீலச் சேலை. உங்க தாத்தா குழிகிட்ட குனிஞ்சு நிக்காளே. புல்லுப் பிடுங்குதா. காலையில இருந்து அதைத்தான் செய்யுதா. சுண்ணாம்பும் அவதான் அடிச்சா. "அவிய வீட்டு ஆளுவ தூரத்துல இருந்து வாறாவ, வந்து பாக்கும்போது குப்பையாவா கிடக்கும்"னா. விருந்தாளிக்கு வீடு கூட்டுத மாதிரி கூட்டுதா. தனக்கு ஒண்ணும் வச்சுக்கிடல பாத்தியளா. கையில மெழுகுவத்திகூட இல்ல.

என்னது? எங்க குடும்பக் கல்லறையா? அந்தா, உங்க தாத்தாவுக்கு இந்தப் பக்கம், கறுப்புக் கல்லு பதிச்சது. எம் பொஞ்சாதி பேரு தெரியும் பாருங்க. அவளுக்குக் கீழ இடம் நிறையக் கிடக்கு. எனக்குன்னு விட்டு வச்சிருக்கேன். ரெண்டு பேரு தாராளமா வெட்டலாம்.

ஏன் கேக்கியோ?

தம்பி, அப்படிப் பாக்காதீங்க. உள்ள ஆளு இல்லாம... அதான் சொன்னேன்லா. நான் வெட்ட மாட்டேன்னு பிடிவாதம் பிடிக்கல, நியாயத்தைத்தான் சொன்னேன். அவன் வந்துட்டா என்ன செய்யன்னு. நாலு வருஷம் ஆனா என்ன? உங்க அப்பத்தாவும்தானே அவுக்காம...

ஆமா. அவங்களும்தான் காத்து இருந்தாங்க, இவரு இங்க கிடக்க.

அப்ப, அவளுக்கு ஒரு இடம் குடுக்கதுக்கு நான் உங்க தாத்தாகிட்ட வந்து கெஞ்சிக்கிட்டு நிக்கேன், என் கல்லறையை வச்சுக்கிட்டு. அதைத்தானே பாக்கியோ? வாயைத் திறந்து சொல்லிருங்களேன் தம்பி, இப்படிப் பேசாம பாத்தா நான் என்ன பண்ணுவேன்.

கண்ணுல தூசி. கடல் காத்து இப்படித்தான். துண்டைக் குடுங்க. இல்ல, நீங்க உக்காந்திருங்க, சட்டையில துடைச்சுக்கிடுதேன்.

கல்லை இறக்கச் சொல்லுங்க. உங்க தாத்தா பேரோடயே இருக்கட்டும். முத்திருளாண்டி. நல்ல பேரு. கூட வந்திருக்காரே, கல்லு நடுத ஆசாரி, அவருகிட்ட உளி இருக்கும்லா? உங்க வேலை முடிஞ்சதும் எனக்கு ஒரு பேரு வெட்டித் தருவாரா? பெரிய பேரு இல்ல. டெலஸ்பர். அஞ்சே எழுத்து. கீழ ஒரு தேதி.

தேதி அவளைக் கேட்டுத்தான் வெட்டணும். எனக்குத் தெரியாம இல்ல. ஆனா எந்த நாளைப் போடணும்னு அவதான் சொல்லணும்.

நீங்க போய்க் கேக்கியளா? வேண்டாம். நல்லா இருக்காது. கையைக் குடுங்க, எந்திரிக்கேன், இந்த மூட்டு சவம்... ஆங். இங்க இருந்தே கூப்பிடுதேன்.

எம்மா! ஜெனோவா! இங்க கொஞ்சம் வாம்மா. ஒண்ணும் இல்ல, பயப்படாத. நம்ம கல்லுல டெலஸ்பருக்கு எந்தத் தேதி போடணும்னு இந்தத் தம்பி கேக்காரு.